திசைகாட்டி பொய் சொல்லும் மலை!

ஸ்காட்லாந்துத் தீவில் ஒரு நாள் முகட்டு நடை

கையில் திசைகாட்டி இருந்தால் நடுக்கடலிலும் வழி தவறாது என்பார்கள். ஆனால், திசைகாட்டியை நம்பி நடந்தால் பாதாளத்தில் விழ வேண்டியதுதான் என்று எச்சரிக்கும் மலை ஒன்று இருக்கிறது.

அதன் பெயர், கூலின்.

பிரிட்டனின் வடபகுதி ஸ்காட்லாந்து. அதன் மேற்குக் கரை ஓரமாகக் கடலில் ஏராளமான தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் ஒன்று, ஸ்கை தீவு. முன்பெல்லாம் அங்கே படகில்தான் போக வேண்டும். 1995-ல் பாலம் கட்டிவிட்டார்கள்.

இந்தத் தீவின் தென்பகுதியில், குதிரை லாடம் போல வளைந்து நிற்கிறது கூலின் மலை. கன்னங்கரேல் என்ற பாறை. மரம் இல்லை, செடி கொடியும் மிகக் குறைவு. "கறுப்புக் கூலின்" என்றே இதை அழைக்கிறார்கள்.

இந்த மலையின் உச்சியில், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடப்பதுதான் பிரிட்டனில் உள்ள மலை ஏறுவோரின் பெரிய ஆசை. அதையும் ஒரே நாளில் நடந்து முடிக்க வேண்டும் என்பது பலருடைய வாழ்நாள் கனவு.

உயரம் கொஞ்சம், ஆபத்து அதிகம்

முகட்டின் நீளம் சுமார் 12 கிலோமீட்டர். "இவ்வளவுதானா?" என்று கேட்கத் தோன்றும். உயரமும் பிரமாதம் இல்லை. மிக உயர்ந்த சிகரமான ஸ்கூர் அலஸ்டரின் உயரம் 992 மீட்டர். அதாவது சுமார் 3,255 அடி.

ஆனால், இது சமதளம் அல்ல. ஒரு சிகரத்தில் ஏறி, இறங்கி, அடுத்த சிகரத்தில் ஏற வேண்டும். ஏறும் உயரத்தை எல்லாம் கூட்டினால் 3,000 மீட்டருக்கு மேல் போகும். பல இடங்களில் பாதை என்பதே கிடையாது. இரண்டு பக்கமும் கிடுகிடு பள்ளம். நடுவே கத்தியின் விளிம்பு போன்ற பாறை. அதன் மேல்தான் நடை!

ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேற்பட்ட மலைகளை "மன்றோ" என்று சொல்வார்கள். சர் ஹியூ மன்றோ என்பவர் 1891-ல் அவற்றை எல்லாம் கணக்கெடுத்துப் பட்டியல் போட்டார். அதனால் அவர் பெயரே மலைகளுக்கு வந்துவிட்டது. இப்போதைய பட்டியலில் 282 மன்றோக்கள் இருக்கின்றன. அவற்றில் 11, இந்த ஒரே முகட்டில் வரிசையாக நிற்கின்றன.

திசைகாட்டி ஏன் பொய் சொல்கிறது?

சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே பெரிய எரிமலை இருந்தது. அதன் வயிற்றுக்குள் கொதித்துக்கொண்டிருந்த குழம்பு, பூமிக்கு அடியிலேயே மெல்ல மெல்ல ஆறி இறுகியது. அப்படி உண்டான கரும்பாறைக்கு "காப்ரோ" என்று பெயர். மேலே இருந்த எரிமலை காலப்போக்கில் கரைந்து போயிற்று. அடியில் இருந்த பாறை வெளியே வந்தது. பிறகு பனி ஆறுகள் அதை இருபுறமும் அரித்து, மெல்லிய முகடாகச் செதுக்கிவிட்டன.

இந்தப் பாறையில் காந்தச் சத்து கலந்திருக்கிறது. அதனால் திசைகாட்டியின் முள் இடத்துக்கு இடம் மாறிக் காட்டும். வடக்கு என்று நினைத்துப் போனால், அது வேறு திசையாக இருக்கும்.

வானம் தெளிவாக இருந்தால் கவலை இல்லை. ஆனால் ஸ்கை தீவில் மேகம் எப்போது இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பத்து அடி தூரத்தில் உள்ள ஆள்கூடத் தெரியாதபடி மூடிக்கொள்ளும்.

காப்ரோவில் ஒரு நன்மையும் உண்டு. சொரசொரப்பான பாறை, செருப்பு வழுக்காது. ஆனால் நாள் முழுவதும் அதைப் பிடித்து ஏறினால் விரல் நுனித் தோல் உரிந்துவிடும். நடுநடுவே வேறு வகை வழவழப்பான பாறையும் குறுக்கிடுகிறது. மழை பெய்தால் அதன் மேல் கால் நிற்காது!

விடியுமுன் புறப்பாடு

மலையின் மேற்கே, கடற்கரை ஓரமாக கிளென் பிரிட்டில் என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. முகட்டு நடைக்குப் போகிறவர்கள் அங்கே கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள்.

ஜூன் மாதம் நல்ல மாதம். அப்போது அங்கே விடிகாலை 4.30 மணிக்கே சூரியன் உதித்துவிடும். இரவு 10 மணிக்கு மேல்தான் மறையும்! அந்த நீண்ட பகல் முழுவதும் இந்த நடைக்குத் தேவைப்படுகிறது. சூரிய உதயத்துக்கு முன்பே புறப்படுகிறவர்களும் உண்டு. "மிட்ஜ்" என்ற பூச்சி, கொசுவைவிடச் சிறியது. கூட்டம் கூட்டமாக வந்து கடிக்கும். அதற்குப் பயந்தும் சிலர் சீக்கிரம் கிளம்பிவிடுவார்கள்.

கயிறு, தலைக்கவசம், சாப்பாடு, மழைச் சட்டை, தண்ணீர் ஆகியவை மூட்டையில் இருக்கும். இவற்றில் தண்ணீர்தான் பெரிய பிரச்சினை. மழைக்குப் பெயர் பெற்ற தீவு. ஆனால் முகட்டின் மேல் தண்ணீர் கிடைப்பது அரிது. அதனால் சிலர் முன்கூட்டியே மேலே ஏறி, வழியில் தண்ணீர்ப் புட்டிகளை ஒளித்து வைத்துவிட்டு வருகிறார்கள்.

தெற்கு முனையில் உள்ள முதல் சிகரம், கார்ஸ் வென். உயரம் 895 மீட்டர். கடல் மட்டத்திலிருந்து நேராக ஏற வேண்டும். மேலே போய் நின்றால் சுற்றிலும் நீலக் கடல். ரம், கன்னா, எய்க் என்ற தீவுகள். எதிரே, போகவேண்டிய முகடு முழுவதும் வளைந்து வளைந்து தெரியும்.

மூன்று சிகரங்கள், மூன்று மனிதர்கள்

சில மணி நேரம் நடந்தபின் திடீரென்று முகடு அறுந்து போகிறது. கோடரியால் வெட்டியது போல ஒரு பிளவு. கயிற்றில் தொங்கி அதற்குள் இறங்க வேண்டும். எதிரே இருக்கும் செங்குத்துச் சுவரைப் பிடித்து ஏற வேண்டும். பலருடைய பயணம் இங்கேயே முடிந்துவிடுவது உண்டு.

பிளவைத் தாண்டினால் மூன்று சிகரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. மூன்றுக்கும் மனிதர்களின் பெயர்.

முதலாவது, எல்லாவற்றிலும் உயர்ந்த ஸ்கூர் அலஸ்டர். 1873-ல் இதில் ஏறிய அலெக்சாண்டர் நிக்கல்சனின் பெயர் இது. அவர் நீதித்துறையில் பதவி வகித்தவர். தீவின் தாய்மொழியான கேலிக் மொழியில் புலமை பெற்றவர். "அலஸ்டர்" என்பது அலெக்சாண்டர் என்ற பெயரின் கேலிக் வடிவம்.

இரண்டாவது சிகரம், சார்லஸ் பில்கிங்டன் என்ற மலை ஏறும் வீரரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மூன்றாவது, ஸ்கூர் விக் கோனிக். "மெக்கன்சியின் சிகரம்" என்று அர்த்தம். இந்த மெக்கன்சி பிரபுவும் அல்ல, பணக்காரரும் அல்ல. ஸ்கை தீவில் சிறு நிலத்தை உழுது பிழைத்த ஒரு குடியானவர்!

ஜான் மெக்கன்சி 1856-ல் பிறந்தார். வெளியூரிலிருந்து வரும் கனவான்களுக்கு மலையில் வழி காட்டுவதையே தொழிலாக்கிக்கொண்டார். பிரிட்டனில் பிறந்த முதல் தொழில்முறை மலை வழிகாட்டி இவர்தான் என்று சொல்கிறார்கள். சுமார் 50 ஆண்டுகள் இந்த மலைகளில் நடந்தார். திசைகாட்டி பொய் சொல்லும் இடத்தில், அவருடைய கண்ணும் நினைவும்தான் திசைகாட்டி.

மன்றோவுக்கும் எட்டாத பாறை

அடுத்து வருவது ஸ்கூர் ஜெரக். "சிவப்புச் சிகரம்" என்று பொருள். அதன் உச்சியில், நட்டு வைத்த வாள் போல ஒரு மெல்லிய பாறை நிற்கிறது. அதற்கு "எட்டாத கூர்முனை" என்று பெயர். பக்கத்தில் உள்ள உச்சியைவிட இது சில மீட்டர் உயரம் அதிகம்.

எட்டாதது என்று பெயர் வைத்தாலும், 1880-ல் எட்டிவிட்டார்கள். சார்லஸ் பில்கிங்டனும் அவருடைய சகோதரர் லாரன்ஸும்தான் முதலில் ஏறியவர்கள்.

282 மன்றோக்களில், கயிறு கட்டிப் பாறை ஏறத் தெரிந்தால்தான் உச்சியைத் தொட முடியும் என்பது இது ஒன்றுதான். இதில் வேடிக்கை என்னவென்றால், பட்டியல் போட்ட சர் ஹியூ மன்றோவே இதில் ஏறவில்லை. ஏறாமலேயே 1919-ல் காலமானார்!

கதவு திறந்திருக்கிறது

நடுப்பகல் தாண்டியதும் ஒரு சின்னச் சிகரம் வரும். பெயர், "நார்மன் சிகரம்." நார்மன் காலி என்பவரின் பெயர். அவர் கதை கடைசிச் சிகரத்தில் வருகிறது.

அதை அடுத்து ஸ்கூர் அ கிரேட்டி என்ற நீண்ட சிகரம். 1870-ல் இதன் உச்சியில் முதன்முதலாகக் கால் வைத்தவர்களில் ஒரு சிறுவன் இருந்தான். வயது 14. அவன்தான் ஜான் மெக்கன்சி!

இந்தச் சிகரத்திலிருந்து இறங்கினால் ஒரு குறுகலான கணவாய். கேலிக் மொழியில் அதன் பெயர், "ஆன் டோரஸ்." அதற்குக் "கதவு" என்று பொருள். அங்கிருந்து மேற்கே இறங்கினால் பத்திரமாக கிளென் பிரிட்டில் போய்ச் சேரலாம்.

அன்றைய நாளின் பெரிய கேள்வி இங்கேதான் எழுகிறது.

தண்ணீர் எவ்வளவு மிச்சம் இருக்கிறது? மேகம் இறங்குகிறதா? இருட்டுமுன் போய்ச் சேர முடியுமா? கூட வந்தவரின் கால் தடுமாறுகிறதா?

பாதி முகட்டுக்கு மேல் கடந்தாயிற்று. "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், இன்னும் கொஞ்சம்தானே!" என்று மனம் சொல்லும். ஆனால் இனிமேல் வரும் பகுதி, வழி கண்டுபிடிப்பதற்கு மிகவும் சிரமமானது. மூன்று தலைச் சிகரம் ஒன்று இருக்கிறது. மூடுபனியில் அங்கே மாட்டிக்கொண்டால், எந்தப் பக்கம் இறங்குவது என்றே புரியாது. கையில் உள்ள திசைகாட்டியோ பொய் சொல்லும்!

யாராவது அடிபட்டுக் கிடந்தால் அவர்களைத் தேடிப் போவது, ஸ்கை தீவின் மலை மீட்புக் குழு. சம்பளம் வாங்காத தொண்டர்கள் அவர்கள். அவரவர் வேலையைப் போட்டுவிட்டு, கொட்டும் மழையிலும் இருட்டிலும் மேலே ஏறுகிறார்கள்.

ஆகவே, கதவு வழியாக இறங்கிவிடுகிறவர்களைப் பார்த்து அங்கே யாரும் சிரிப்பதில்லை. பலமுறை வந்து, பலமுறை திரும்பி, அதன் பிறகு முகட்டை முடித்தவர்கள் எத்தனையோ பேர். மேலேயே ஓர் இரவு படுத்துறங்கி, இரண்டு நாளில் முடிப்பவர்களும் உண்டு.

ஒரே நாளில் முதலில் முடித்தவர்கள் ஷாட்போல்ட், மெக்லாரன் என்ற இருவர். ஆண்டு 1911. கிளென் பிரிட்டிலில் புறப்பட்டு, வடக்கே ஸ்லிகாகனில் போய்ச் சேர 16 மணி 45 நிமிடம் ஆயிற்று. 2013-ல் ஃபின்லே வைல்டு என்ற மலை ஓட்டக்காரர், முகட்டை மட்டும் 3 மணி நேரத்துக்கும் குறைவாக ஓடிக் கடந்தார்! அது அபூர்வம். சாதாரண மனிதர்களுக்கு விடிந்தது முதல் இருட்டும் வரை வேலை இருக்கிறது.

கயிறு வேண்டாத சிகரம்

மாலையில், வடக்குப் பக்கம் புரூவக் நா ஃபிரீ என்ற சிகரம் வரும். 958 மீட்டர். 11 மன்றோக்களில் ஏறுவதற்கு மிக எளிதானது இதுதான். ஸ்லிகாகனிலிருந்து நேரே வரும் வழியில் கயிறு தேவை இல்லை. முழு முகட்டையும் கடக்க முடியாதவர்கள், நல்ல வெயில் நாளில் இந்த ஒரு சிகரத்துக்கு மட்டும் வந்து, கூலினின் அழகை எல்லாம் கண்டுவிட்டுத் திரும்புகிறார்கள்.

ஸ்லிகாகன் பக்கத்தில் கிளமைக் என்ற கூம்பு மலையும் தெரிகிறது. உயரம் 775 மீட்டர். 1899-ல் ஹர்க்கபீர் தாப்பா என்ற கூர்க்கா வீரர், சார்லஸ் புரூஸ் என்ற ராணுவ அதிகாரியோடு இங்கே வந்திருந்தார். ஸ்லிகாகன் விடுதியிலிருந்து அந்த மலை உச்சிக்கு ஓடி, திரும்பி வந்தார். வெறுங்காலோடு! ஆன நேரம், 55 நிமிடம். அவர் நினைவாக இன்றும் அங்கே ஓட்டப் பந்தயம் நடக்கிறது.

கடைசிச் சிகரத்தின் கதை

வடக்கு முனையில் நிற்பது ஸ்கூர் நான் கில்லியன். 1836-ல் இதில் முதலில் ஏறியவர் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் என்ற பௌதிகப் பேராசிரியர். அவருக்கு வழி காட்டியவர் டங்கன் மெக்கின்டயர் என்ற உள்ளூர்க்காரர்.

ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1886-ல், நார்மன் காலி ஸ்லிகாகனுக்கு மீன் பிடிக்க வந்தார். பிற்காலத்தில் லண்டனில் புகழ் பெற்ற ரசாயனப் பேராசிரியர் ஆனவர் இவர். இரண்டு பேர் பாறையில் ஏறுவதைக் கண்டார். உடனே ஆசை பிறந்தது. தந்தி கொடுத்துக் கயிறு வரவழைத்தார். தம் சகோதரரோடு ஸ்கூர் நான் கில்லியனில் ஏறப் பார்த்தார். முடியவில்லை.

காலி கூச்சப்படாமல் ஜான் மெக்கன்சியிடம் போய் யோசனை கேட்டார். மெக்கன்சி வழி சொன்னார். அந்த வழியில் காலி உச்சியை அடைந்தார்.

அன்று தொடங்கிய நட்பு வாழ்நாள் முழுவதும் நீடித்தது. ஒருவர் படித்த பேராசிரியர். மற்றவர் ஏர் பிடித்த குடியானவர். கூலின் மலையின் இண்டு இடுக்குகளை எல்லாம் இருவரும் சேர்ந்தே கண்டுபிடித்தார்கள். காலி இமயமலைக்கும் போனார். 1895-ல் நங்க பர்வதத்தில் ஏற முயன்ற குழுவில் இருந்தார். ஆயினும் முதுமையில் அவர் தேடி வந்து தங்கிய இடம் ஸ்லிகாகன்தான்.

1933-ல் மெக்கன்சி காலமானார். 1942-ல் காலி காலமானார். தம்மை நண்பரின் பக்கத்திலேயே அடக்கம் செய்ய வேண்டும் என்பது காலியின் விருப்பம். ஸ்கை தீவில் ஸ்ட்ருவன் என்ற ஊரில் இரண்டு கல்லறைகளும் அருகருகே இருக்கின்றன.

நாள் முழுவதும் நடந்து களைத்தவர்கள் இறங்கி வரும் ஸ்லிகாகனில், 2020-ல் அந்த இருவருக்கும் வெண்கலச் சிலை வைத்தார்கள். பேராசிரியருக்குத் தனிச் சிலை, வழிகாட்டிக்குத் தனிச் சிலை என்று அல்ல. இருவரும் சேர்ந்து இருக்கும்படி ஒரே இடத்தில்!