கோஷா ஆஸ்பத்திரியின் உதிர்ந்துபோன பாதிப் பெயர்

"வெள்ளைக்காரன் வந்ததாலதானே அண்ணா நமக்கெல்லாம் ஆஸ்பத்திரி கிடைச்சுது? ஊர்க்காரங்க குடுத்திருப்பாங்களா?"

மாலை நேரப் படிப்பு வட்டத்தில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி இது. ஆமாம் என்று சொல்லிவிடத்தான் வாய் வந்தது. குடிக்கத் தண்ணீர் தராத ஊர் மருந்து கொடுத்திருக்கும் என்று நம்ப நமக்கு எந்தக் காரணமும் இல்லை. ஆனாலும் அந்த ஆமாமைச் சொல்ல முடியவில்லை. அடுத்த வாரம் சொல்கிறோம் என்று தள்ளிப்போட்டோம். அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறோம்.

சென்னை திருவல்லிக்கேணியில் கடற்கரைக்கு அருகே அரசு மகப்பேறு மருத்துவமனை ஒன்று இருக்கிறது. பலகையில் கஸ்தூரிபா காந்தியின் பெயர் இருக்கும். ஆனால் அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அது 'கோஷா ஆஸ்பத்திரி'தான். கோஷா என்றால் முகத்திரை போடும் பெண்கள். 1885இல் தொடங்கப்பட்டபோது அதற்கு வைத்த முழுப்பெயர் 'சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான விக்டோரியா மருத்துவமனை' என்று அர்த்தப்படும் ஆங்கிலப் பெயர். கோஷா என்ற சொல் மக்கள் நாக்கில் தங்கிவிட்டது. சாதி என்ற சொல் சத்தமில்லாமல் உதிர்ந்துவிட்டது.

தொடங்கியவர் மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர். கணவரோடு சென்னைக்கு வந்த இடத்தில், இந்தியப் பெண்கள் பிரசவத்தில் படும் பாட்டைப் பார்த்து, 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர். அங்கே முதன்முதலில் சேர்ந்த நான்கு பெண்களில் ஒருவர். அப்புறம் லண்டன் போய் மேற்படிப்பு முடித்துத் திரும்பி வந்தார். விக்டோரியா ராணியின் பெயரை வைக்க அனுமதி வாங்கினார். வெங்கடகிரி ராஜா பெரும் நன்கொடை கொடுத்தார். அந்த அம்மையாரின் உழைப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆண் டாக்டர் தொடக்கூடாது என்ற கட்டுப்பாட்டால் எத்தனையோ பெண்கள் வீட்டு இருட்டறையிலேயே செத்தார்கள். அவர்களை எப்படியாவது கட்டிலுக்குக் கொண்டுவர வேண்டும் என்று அவர் நினைத்தார்.

ஆனால் எழும்பூரில் 1844இலிருந்தே பிரசவ ஆஸ்பத்திரி இருந்ததே, அங்கே ஏன் இவர்கள் போகவில்லை? ஆண் டாக்டர் இருந்தது ஒரு காரணம். அங்கே பக்கத்துக் கட்டிலில் யார் படுத்திருப்பார்கள் என்பது இன்னொரு காரணம். அந்த நாள் ஆங்கிலேயர் வழக்கில் 'சாதிக்காரர்' என்றால் நம்மை நீக்கிய மிச்சப் பேர். சாதி உள்ளவர்கள் ஒரு பக்கம், பறையர் முதலானவர்கள் மறு பக்கம். ஆக, பலகையில் 'சாதிப் பெண்கள்' என்று எழுதியது யாரைக் கூப்பிட என்பதோடு, யாரைக் கூப்பிடாமல் இருக்க என்பதையும் சேர்த்துச் சொல்லியது. சேரிப் பெண்களும் ஏழைப் பெண்களும் எழும்பூருக்குப் போனார்கள். மருத்துவ மாணவர்கள் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொண்டதும் அவர்கள் உடம்பில்தான். சென்னையின் மகப்பேறு மருத்துவ வரலாற்றை எழுதுகிறவர்கள் டாக்டர்களின் பெயரை வரிசையாகப் போடுகிறார்கள். கட்டிலில் கிடந்தவர்களின் பெயரைப் போடுவதில்லை.

பெரிய ஆஸ்பத்திரி என்று நாம் சொல்லும் சென்னை அரசுப் பொது மருத்துவமனையின் கதை இன்னும் பழையது. 1664இல் கோட்டைக்குள் கம்பெனிச் சிப்பாய்களுக்காக வைத்தது. இப்போதுள்ள இடத்துக்கு 1772இல் வந்தது. இந்தியர்களுக்குக் கதவைத் திறந்தது 1842இல். கணக்குப் போட்டுப் பாருங்கள், 178 ஆண்டுகள். சிப்பாய் சாகக்கூடாது, வியாபாரம் நிற்கக்கூடாது என்பதுதான் முதல் கவலை. ஏழைக்கு என்று வந்த ஆஸ்பத்திரிக்கு வேறு தொடக்கம். 1780களின் பஞ்சத்தில் வட சென்னையில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தை ஒட்டி வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. வட சென்னைக்காரர்கள் இன்றைக்கும் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்கிறார்கள்.

இனி, தொடுகிற விஷயத்துக்கு வருவோம். வைத்தியம் என்றாலே தொட வேண்டும். நாடி பார்க்க, புண் கழுவ, குழந்தையை எடுக்க, எல்லாவற்றுக்கும் தொட்டாக வேண்டும். தீண்டாமையோ தொடாதே என்கிறது. இரண்டும் மோதிய முதல் பெரிய இடம் அம்மை குத்துதல்.

1802இல் இந்தியாவுக்கு அம்மைப்பால் வந்தது. அதைப் பாட்டிலில் அடைத்து நெடுந்தூரம் கொண்டுபோவது அன்றைக்குச் சுலபமில்லை. ஒரு குழந்தையின் கையில் குத்தி, எட்டு நாள் கழித்துக் கொப்புளம் திரண்டதும், அதிலிருந்து எடுத்த நீரை அடுத்த குழந்தையின் கையில் குத்துவார்கள். கைக்குக் கை இப்படியே போகும். கொப்புளத்தோடு ஊர் ஊராக அழைத்துப்போகக் குழந்தை வேண்டும். அந்த வலியை, கூலிக்கோ கட்டாயத்துக்கோ, யார் வீட்டுக் குழந்தை தாங்கியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மேல்சாதியார் மறுத்ததற்குப் பல காரணங்கள் உண்டு. மாரியாத்தா கோபிப்பாள் என்பது ஒன்று. சேரிக் குழந்தையின் உடம்பு நீர் தங்கள் குழந்தையின் ரத்தத்தில் கலக்கும் என்பது இன்னொன்று. பிறகு கன்றுக்குட்டியிலிருந்து அம்மைப்பால் எடுக்கும் முறை வந்தது. கிண்டி கிங் நிலையம் அந்த வேலைக்காகத் தொடங்கப்பட்டதுதான். சேரிப் பிள்ளையின் உடம்பு தீட்டு, மாட்டின் உடம்பு தீட்டில்லை! சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

பலகையில் இருப்பது ஒரு பெயர்தானே, மருந்து கிடைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காக, நம் மாநிலத்துக்கு வெளியே நடந்த ஒன்றைச் சொல்கிறோம். அண்ணல் அம்பேத்கர் தன் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலில் எடுத்துக் காட்டிய சம்பவம் இது. 1929 டிசம்பர் 12ஆம் தேதி காந்தியாரின் 'யங் இந்தியா' பத்திரிகையில் கடிதமாக வெளிவந்தது. எழுதியவர் குஜராத்தின் கத்தியவார் பகுதியைச் சேர்ந்த தீண்டப்படாத சாதிப் பள்ளி ஆசிரியர்.

அவர் மனைவிக்குக் குழந்தை பிறந்து இரண்டு நாளில் உடம்பு மோசமானது. டாக்டரைக் கூப்பிட்டார். சேரிக்குள் வரமாட்டேன் என்றார் டாக்டர். ஊர்ப் பெரியவர் சொல்லி, இரண்டு ரூபாய் கட்டணம் பேசியபிறகு வந்தார். அப்போதும் நோயாளியைச் சேரிக்கு வெளியே கொண்டுவர வேண்டும் என்பது நிபந்தனை. இரண்டு நாள் பச்சைக் குழந்தையோடு தாயை வெளியே கொண்டுவந்தார்கள். டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிம் கையில் கொடுத்தார். அவர் கணவரிடம் கொடுத்தார். கணவர் மனைவிக்கு வைத்தார். திரும்பவும் அதே வரிசையில் அது டாக்டரிடம் போனது. விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு நிமோனியா என்றார். மருந்து கொடுத்தனுப்பினார். அதற்கப்புறம் கூப்பிட்டும் வரவில்லை. அந்தத் தாய் இறந்துபோனார்.

மேலைநாட்டு மருத்துவம் படித்த டாக்டர் அவர். தெர்மாமீட்டரைப் படிக்கக் கல்லூரி சொல்லிக் கொடுத்திருக்கிறது. அந்த நான்கடி தூரத்தைக் கடக்கச் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு நாமாகப் போகலாம், போகாமலும் இருக்கலாம். சிறை அப்படியல்ல. உள்ளே வந்தவரை எடை போட்டார்கள், அம்மை குத்தினார்கள், சோற்றை அவுன்ஸ் கணக்கில் அளந்தார்கள். வெள்ளை அரசு இந்திய உடம்பைத் தன் இஷ்டப்படி ஆள முடிந்த இடம் சிறைதான். அங்கேயாவது சாதியை ஒழித்தார்களா என்று பார்க்க வேண்டும்.

ஒருமுறை தொட்டுப் பார்த்தார்கள். முன்பெல்லாம் கைதிக்குக் காசு கொடுத்து, அவரவர் சமைத்துக்கொள்ள விட்டிருந்தார்கள். 1840களில் வங்காள மாகாணச் சிறைகளில் பொதுச் சமையல் கொண்டுவந்தார்கள். பீகார் பக்கம் கலகம் மூண்டது. 1855இல் பித்தளைச் சொம்பைப் பிடுங்கிக்கொண்டு மண் பாத்திரம் கொடுத்தபோது ஆராவிலும் முசாபர்பூரிலும் ஊரே திரண்டது. இரண்டு வருடத்தில் 1857 வந்தது. அதன்பின் சாதியில் கை வைக்க அரசுக்குத் துணிவு வரவில்லை. கை வைக்காமல் விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, எழுதி வைத்துவிட்டார்கள். மாகாணம் மாகாணமாகச் சிறை விதிப் புத்தகங்கள் வந்தன. சமைக்க இன்ன சாதி, கக்கூஸ் கழுவ இன்ன சாதி என்று அச்சில் ஏறியது. ஊரில் வழக்கமாக இருந்தது, சிறையில் சட்டமாயிற்று. குற்றம் செய்தவருக்குத் தண்டனை ஒன்று என்றால், தோட்டி வீட்டில் பிறந்த கைதிக்கு இரண்டு.

சிறைச் சோற்றைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1876–78 தாது வருடப் பஞ்சத்தில், நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும் என்று 1877 தொடக்கத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை. அதை வைத்துக்கொண்டு மண் சுமக்க வேண்டும். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்தார். சிறைக் கைதிக்குத் தருவதைவிட இது குறைவு என்று எடுத்துக் காட்டினார். சில மாதங்களில் அளவைக் கூட்ட வேண்டி வந்தது. அதற்குள் எத்தனையோ பேர் செத்திருந்தார்கள். நிலமில்லாதவரும் கூலிக்காரரும்தான் முதலில் விழுந்தார்கள். வயிற்றுக்காகச் சின்னத் திருட்டுச் செய்து சிறைக்குப் போனவர்கள் உண்டு. எலும்பும் தோலுமாய்ப் போனவர்களில் பலர் சிறை ஆஸ்பத்திரியிலேயே செத்தார்கள். அரசாங்க டாக்டர் ஒருவர் அரசாங்கத்தையே எதிர்த்து எழுதினார் என்பதையும் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளைக்காரர் எல்லாரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் அல்ல.

கதவு திறந்திருந்தாலும் அதுவரை நடந்து போகப் பாதை வேண்டுமே! பொதுச் சாலையில் நடக்கவும், பொதுக் கிணறு, குளம், அரசு அலுவலகம், மக்கள் கூடும் இடங்களுக்குப் போகவும் எல்லாருக்கும் உரிமை உண்டு என்று 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்ற வேண்டியிருந்தது. பொது ஆஸ்பத்திரி திறந்து 82 ஆண்டு கழித்து! ஊர்த்தெருவில் டிஸ்பென்சரி இருந்தால், தெரு மூடியிருக்கும்வரை டிஸ்பென்சரியும் மூடியதுதான்.

1947க்குப் பிறகு கோஷா ஆஸ்பத்திரியின் பலகை மாறியது. சிறைப் புத்தகம் மாறவில்லை. சமையலுக்கு உயர்சாதி, துப்புரவுக்கு இன்ன சாதி என்ற வரிகள் பல மாநில விதிகளில் அப்படியே நீடித்தன. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில், 2024 அக்டோபர் 3ஆம் தேதிதான் உச்ச நீதிமன்றம் அந்த விதிகளை அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று அடித்தது. கைதிப் பதிவேட்டில் சாதிக்கான கட்டத்தையே நீக்கச் சொன்னது. தமிழ்நாட்டுக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு. பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து அடைப்பதை, மோதலைத் தடுக்கத்தான் என்ற வாதத்தை ஏற்று, 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதித்திருந்தது. அந்தக் கருத்தை ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

போன வாரம் இதையெல்லாம் படிப்பு வட்டத்தில் சொன்னோம். அந்த மாணவி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நம்ம ஊர் பெரியாஸ்பத்திரில பழைய கட்டடத்துல ஒரு கல்லு இருக்குதண்ணா, இங்கிலீஷ்ல எழுதியிருக்கும், யாரும் படிச்சதில்ல" என்றாள். வரும் ஞாயிற்றுக்கிழமை நோட்டுப் புத்தகத்தோடு போகிறோம். உங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலும் அப்படிக் கல் இருந்தால், எந்த வார்டு, யார் கொடுத்தது, யாருக்காக என்று எழுதியிருக்கிறது, என்ன ஆண்டு என்பதைப் பார்த்து இந்தப் பகுதிக்கு எழுதி அனுப்புங்கள்.