வெண்குடுவைச் செடி

வெண்குடுவைச் செடி (சாரசீனியா லியூக்கோபில்லா) பூச்சிகளைப் பிடித்து உண்ணும் தாவரங்களுள் ஒன்றாகும். இதன் தாயகம் அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாக் கரையை ஒட்டிய சதுப்பு நிலங்கள் ஆகும். புளோரிடாவின் மேற்குப் பகுதி, அலபாமா, மிசிசிப்பி, ஜார்ஜியா ஆகிய மாநிலங்களில் இது இயற்கையாகக் காணப்படுகின்றது. கிரேக்க மொழியில் 'லியூக்கோ' என்பது வெண்மையையும் 'பில்லோன்' என்பது இலையையும் குறிக்கும். பாடநூல்களில் இடம்பெறும் நெப்பந்திசு வேறு குடும்பத்தைச் சேர்ந்தது.

பொறி

இதன் இலையே நீண்ட குழல் வடிவக் குடுவையாக மாறியுள்ளது. குடுவையின் மேற்பகுதியில் பச்சையம் இல்லாத வெண்திட்டுகளும் சிவப்பு நரம்புகளும் உள்ளன. விளிம்பில் சுரக்கும் தேனை நாடி வரும் பூச்சி வழுக்கி உள்ளே விழுகின்றது. உட்சுவரின் மயிர்கள் கீழ்நோக்கி அமைந்திருப்பதால் அதனால் ஏறி வர இயலாது. சதுப்பு மண்ணில் நைதரசன் குறைவு. அக்குறையைச் செடி இவ்வாறு ஈடு செய்கின்றது.

குளிர்நாடுகளில் வளர்த்தல்

பிரித்தானியா போன்ற நாடுகளில் இது தொட்டிச் செடியாக வளர்க்கப்படுகின்றது.

மண்: உரம் கலவாத பீட் மண்ணுடன் பெர்லைட்டு அல்லது சுண்ணாம்பற்ற மணல் சேர்க்கப்படும். சாதாரணத் தோட்ட மண்ணும் உரமும் வேர்களைக் கெடுக்கும்.

நீர்: மழைநீரே ஏற்றது. இலண்டன் பகுதியின் குழாய்நீரில் சுண்ணாம்பு மிகுதி. அது நாளடைவில் செடியைக் கொல்லும். கோடையில் தொட்டியை ஆழமில்லாத நீர்த்தட்டில் வைக்க வேண்டும்.

ஒளி: நாள் முழுதும் நேரடி வெயில் தேவை. நிழலில் குடுவைகள் மெலிந்து சாய்ந்துவிடும்.

இச்செடி வசந்தத்தில் ஒரு முறையும் கோடை இறுதியில் மறுமுறையும் குடுவைகளை விடுகின்றது. இரண்டாம் முறை வருபவையே மிக வெண்மையானவை. தாயகத்தில் அப்போதும் வெப்பம் நீடிக்கும். குளிர்நாடுகளிலோ அதற்குள் குளிர் தொடங்கிவிடுவதால் அக்குடுவைகள் முழுமை பெறாமல் நின்றுவிடலாம். இதனாலேயே வெப்பமூட்டாத கண்ணாடிக் குடில் சிறந்த இடமாகக் கருதப்படுகின்றது.

குளிர்கால உறக்கம்

மூன்று அல்லது நான்கு மாதங்கள் செடி உறக்கநிலையில் இருக்கும். அப்போது அதைச் சூடான அறைக்குள் கொண்டு வருவது தவறு. ஓய்வு கிடைக்காத செடி ஆண்டுக்கு ஆண்டு நலிவடையும். நிலத்தடித் தண்டு மிதமான உறைபனியைத் தாங்கும். ஆனால் தொட்டி நாள்கணக்கில் உறைந்து கிடக்க விடலாகாது. இக்காலத்தில் மண் ஈரமாக இருந்தால் போதும். காற்றோட்டம் குறைந்தால் சாம்பல் பூஞ்சணம் பரவும். எனவே பழுப்பேறிய குடுவைகளை வெட்டி அகற்ற வேண்டும். தொட்டி மாற்றவும் தண்டைப் பிரித்து நடவும் குளிர்கால இறுதி ஏற்ற காலம்.

விதைகள் முளைப்பதற்கும் சில வாரக் குளிர் தேவை. நாற்று முழு வளர்ச்சி பெறப் பல ஆண்டுகள் ஆகும்.

பாதுகாப்பு

சதுப்புகளை வடித்து நிலமாக்கியதாலும், புதர்களைக் கட்டுப்படுத்திய இயற்கைத் தீ தடுக்கப்பட்டதாலும் இதன் வாழிடம் பெரிதும் சுருங்கியுள்ளது. பூங்கொத்துகளுக்காகவும் குடுவைகள் வெட்டப்படுகின்றன. இதன் பன்னாட்டு வணிகம் சைட்டிசு உடன்படிக்கையால் கட்டுப்படுத்தப்படுகின்றது. ஆகவே, வளர்க்க விரும்புவோர் காட்டில் பிடுங்கிய செடிகளைத் தவிர்த்து, நாற்றங்காலில் பெருக்கியவற்றையே வாங்க வேண்டும்.