ஒட்டுப்போர்வையும் ஓடும் சாயமும்

பழைய சேலை, பாத்தேக் துணி, தையற்கடையில் எஞ்சிய துண்டுகள் ஆகியவற்றை இணைத்து நம் பாட்டிமாரும் தாய்மாரும் தைக்கும் ஒட்டுப்போர்வை, விலைக்கு வாங்க இயலாத செல்வமாகும். பல நாள் மாலை வேளைகளில் அமர்ந்து தைத்த போர்வையை முதன்முறை நீரில் நனைக்கிறோம். சிவப்புத் துண்டின் சாயம் ஓடி, அருகிலுள்ள வெள்ளைத் துண்டுகளில் கறையாகப் படிகின்றது. எவருக்குத்தான் மனம் வருந்தாது? இதனைத் தடுக்கும் வழியையும் நீக்கும் வழியையும் இங்குக் காண்போம்.

இக்கவலை புதியதன்று. 1942ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் சாங்கிச் சிறையில் ஜப்பானியரால் அடைக்கப்பட்ட பெண்கள், ஆளுக்கொரு சதுரத் துணியில் பூவேலை செய்து, மூன்று போர்வைகளை உருவாக்கினர். ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள் உள்ளன. காயமுற்ற ஆஸ்திரேலியப் படைவீரருக்கென அளித்த போர்வையின் பின்புறத்தில், அதனை உலர்சலவை செய்வதே நலம் என்னும் குறிப்பையும் எழுதி வைத்தனர். சிறைத் துன்பத்தின் நடுவிலும் தம் கைவேலை கெடாதிருக்க வேண்டுமென அவர்கள் எண்ணியது நமக்கொரு பாடமன்றோ?

சாயம் ஏன் ஓடுகின்றது? நூலிழையோடு உறுதியாகப் பிணைந்த சாயம் எளிதிற் போகாது. பிணையாமல் எஞ்சிய சாயத்தை நன்கு அலசி நீக்காவிடில், அது துணியிலேயே தங்கிவிடும். பின்னர் நீர் பட்டதும் வெளியேறி, பக்கத்துத் துணியில் ஏறும். கருஞ்சிவப்பு, கருநீலம், கறுப்பு போன்ற அடர்ந்த நிறங்களுக்கு மிகுதியான சாயம் இடப்படுவதால், அவற்றில் இத்தொல்லை அதிகம்.

வருமுன் காப்பதே அறிவுடைமை. தைப்பதற்கு முன் ஒவ்வொரு துணியின் ஓரத்தையும் நனைத்து, வெள்ளைத் துணியின்மேல் வைத்து அழுத்திப் பாருங்கள். நிறம் ஒட்டினால், அத்துணியைத் தனியாகச் சவர்க்காரம் கலந்த சுடுநீரில் அரைமணி நேரம் ஊறவைத்து அலசுங்கள். நீர் தெளியும்வரை இவ்வாறே செய்க. எத்தனை முறை அலசியும் தெளியாத துணியை வெள்ளையோடு சேர்த்துத் தைத்தலாகாது. உப்பும் புளிக்காடியும் சாயத்தை நிறுத்தும் எனப் பலர் நம்புகின்றனர். சாயமிடும் வேளையில் அவை பயன்படுவதுண்டு. சாயமேறிய பருத்தித் துணியிலிருந்து ஓடும் சாயத்தை அவை தடுத்து நிறுத்தமாட்டா.

இனி, சாயம் ஓடிவிட்ட பருத்திப் போர்வையை மீட்கும் முறையைக் கூறுவோம். முதலாவதாக, அதனைக் காயவிடாதீர்கள்; இஸ்திரியும் போடாதீர்கள். காய்ந்தால் கறையை நீக்குவது கடினமாகும். இரண்டாவதாக, பெரிய தொட்டியில் சுடுநீர் நிரப்பி, பாத்திரம் கழுவும் திரவச் சவர்க்காரத்தை அரைக்கோப்பை அளவு கலந்து, போர்வையை முழுதும் அமிழ்த்துங்கள். ஒரு மூலை வெளியே நீட்டியிருந்தாலும், சாயம் நீரோடு ஏறி அங்கே தங்கிவிடும். மூன்றாவதாக, ஏறத்தாழ 12 மணி நேரம் அப்படியே விடுங்கள். நீர் நிறைய இருப்பின், வெளியேறும் சாயம் அதிலேயே மிதக்கும். மீண்டும் துணியில் ஏறுவது குறையும். நான்காவதாக, நீரைக் கொட்டிப் பாருங்கள். நிறம் கலந்திருந்தால் புதுநீர் நிரப்பி மீண்டும் ஊறவிடுங்கள். நீர் தெளிந்தபின் அலசி, நிழலில் விரித்துக் காயவைக்கலாம்.

பட்டு, கம்பளித் துணிகளுக்குச் சுடுநீர் ஆகாது. குளோரின் கலந்த வெளுப்பு மருந்தையும் தவிர்க்க வேண்டும். அது கறையோடு துணியின் சொந்த நிறத்தையும் அழித்துவிடும். கொதிநீரைப் பெரியோரே கையாள வேண்டும் என்பதை மாணவர்கள் மறவாதிருப்பார்களாக.

பாட்டியின் சேலைத் துண்டு பேரப்பிள்ளையின் போர்வையில் வாழ்கின்றது. சிறிது பொறுமையும் சிறிது அறிவும் இருந்தால், அதனை நாம் பல்லாண்டு காக்கலாம். அவசரப்பட்டு எறிந்துவிடாமல், ஊறவைத்துக் காத்திருப்போமாக!