வேம்பு: அம்மனின் மரமும் வீட்டு மருந்தும்

பதுளை மாவட்டத்தில் மாரியம்மன் கோயில் இல்லாத தோட்டங்கள் மிகக் குறைவு. திருவிழாவில் கரகம் பாலிக்கவும் தீமிதிக்கவும் வேப்பிலை வேண்டும். லயத்தில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டாலும் முதலில் தேடுவது வேப்பங்கொத்தைத்தான்.

தமிழ்நாட்டிலிருந்து கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த எமது முன்னோர் அம்மன் வழிபாட்டையும் கொண்டு வந்தனர். பெரியம்மையும் கொலராவும் பலரைப் பலிகொண்ட காலம் அது. வாசலில் வேப்பங்கொத்தைக் கண்டால் அயலார் உள்ளே போகமாட்டார்கள். பக்தியில் பிறந்த அவ்வழக்கம், நோய் பரவாமல் தடுக்கும் வேலியாகவும் பயன்பட்டது. சிங்கள மக்களும் 'கொஹொம்ப' இலையை அம்மை கண்ட வீட்டில் வைப்பர். பத்தினித் தெய்வத்துக்கு நேர்த்தி வைப்பர். ஊவாவில் இரு சமூகங்களையும் இணைக்கும் நம்பிக்கை இது.

எதற்கு உதவும்?

வேப்பிலை அவித்த நீரால் சொறி, சிரங்கைக் கழுவுவர். சின்னம்மையில் நகத்தால் சொறியாமல் இலையால் நீவிவிடுவர். கொப்புளங்கள் காய்ந்தபின் வேப்பிலை இட்ட நீரில் தலைக்கு வார்ப்பர். குச்சி பல் துலக்கவும், காய்ந்த பூ இரசத்துக்கும் ஆகும்.

தோட்டப் பயிருக்கும் இது காவல். 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து, ஒரு லீற்றர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது சவர்க்காரம் கலந்து மாலையில் மரக்கறிகளுக்குத் தெளிக்கலாம். விதையிலுள்ள அசாடிராக்டின் பூச்சிகளைத் தின்னவிடாது. தோலுரித்து வளரவும் விடாது.

இந்த அறிவுக்கு 1994இல் ஐரோப்பாவில் காப்புரிமையும் வழங்கப்பட்டது. வேப்பெண்ணெயால் பூஞ்சணத்தைக் கட்டுப்படுத்தும் முறைக்கு அமெரிக்க அரசின் விவசாயத் திணைக்களமும் ஒரு கம்பனியும் அதைப் பெற்றன. இது மக்கள் முன்பே அறிந்த முறை என வாதாடப்பட்டு, 2000இல் உரிமை இரத்தானது; மேன்முறையீடும் 2005இல் தள்ளுபடியானது.

தாய்மார் கவனத்திற்கு

குழந்தைகளுக்கு வேப்பெண்ணெயைக் குடிக்கக் கொடுக்கவே கூடாது. சில துளிகள் என்று கொடுக்கப் போய், வாந்தி, வலிப்பு, மயக்கம் கண்டு குழந்தைகள் இறந்ததும் உண்டு. கர்ப்பிணிகளும் வேம்பை மருந்தாக உட்கொள்ளலாகாது.

சின்னம்மை கண்ட பிள்ளைக்கு அஸ்பிரின் கொடுக்கவேண்டாம். காய்ச்சல் விடாதிருந்தால், மூச்சு முட்டினால், பிள்ளை சோர்ந்து கிடந்தால், அல்லது கர்ப்பிணிக்கோ பச்சைக் குழந்தைக்கோ அம்மை கண்டால், "அம்மாள் கோபிப்பாள்" என்று காத்திராது உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்ததாக 1980இல் அறிவிக்கப்பட்டது தடுப்பூசியால்தான். அம்மனுக்கு நேர்ந்துகொள்வதும் மருந்தெடுப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

நடுவோமா?

வேம்பு வரண்ட பூமியின் மரம். அப்புத்தளை, பண்டாரவளை போன்ற குளிர்ந்த மேட்டு நிலங்களில் செழிக்காது. பதுளைப் பள்ளத்தாக்கிலும் வெல்லவாய, மொனராகலைப் பக்கத்திலும் நன்கு வளரும். விதை சில வாரங்களில் முளைப்புத்திறனை இழப்பதால், பழுத்து விழுந்தவுடன் சதையைக் கழுவிவிட்டு விதைக்கவேண்டும். கீழ்ப்பகுதித் தோட்டங்களில் கோயிலுக்கு ஒன்றும் பிள்ளைமடுவத்துக்கு ஒன்றுமாக நட்டால், மேலுள்ள தோட்டங்களுக்கும் கொத்துக் கொடுக்கலாம்.