இரண்டும் கூடா; இரண்டும் இன்றாதல் கூடுமோ?

நிகழ்தகவு கற்கும் மாணாக்கரை மயக்கும் ஆங்கிலச் சொற்றொடர்களுள் ‘மியூச்சுவலி எக்ஸ்குளூசிவ்’ என்பது தலையாயது. ‘எக்ஸ்குளூசிவ்’ என்னும் சொல்லைக் கடைத்தெருவிலே ‘தனிச்சிறப்புடையது’ என்ற பொருளிற் கண்டு பழகியவர்க்குக் கணித நூலில் அது ‘விலக்குவது’ எனப் பொருள்படுதல் வியப்பாகவே இருக்கும். தமிழகத்து நூல்கள் ‘ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள்’ என்கின்றன. இலங்கையில் ‘தம்முள் புறநீங்கும் நிகழ்ச்சிகள்’ என்பது வழக்கு. முன்னதே எனக்கு உவப்பு. கேட்டவுடன் பொருள் விளங்குகின்றது.

மாவனல்லைப் பக்கத்து இறப்பர்த் தோட்டமொன்றை எண்ணிப் பாருங்கள். விடியலிலே பட்டை நனைய மழை பெய்தால் அப்பொழுது பால்வெட்டு இல்லை. வெட்டினாலும் பால் சிரட்டையிற் சேராது நீரோடு வழிந்துவிடும். ஆகவே விடியல் மழையும் விடியற் பால்வெட்டும் ஒன்றையொன்று விலக்குவன. (மழைத்தடுப்புக் கட்டிய மரங்களை இக்கணக்கிற் சேர்க்க வேண்டா.)

விலக்குவன என்றதும், ‘அவற்றிடையே தொடர்பில்லை, ஒன்றையொன்று சாராதவை’ என்று எழுதிவிடும் மாணாக்கர் பலர். உண்மை நேர்மாறு. மழை பெய்தது என்று அறிந்த கணமே பால்வெட்டு இல்லை என்பதையும் அறிந்தோமன்றோ? இதனினும் நெருங்கிய சார்பு ஏது?

இன்னுமொரு வழு, இரண்டில் ஒன்று நிகழ்ந்தே தீரும் எனக் கொள்வது. மழையும் இன்றிப் பால்வெட்டும் இன்றிக் கழியும் இலையுதிர்கால விடியல்கள் உளவே! ஆசிரியர் ஒரு செவ்வகத்தினுள் ஒன்றையொன்று தொடாத இரு வட்டங்களை வரைகிறார். வட்டங்களுக்கு வெளியே எஞ்சும் வெற்றிடத்தை நோக்குவார் அரியர்.

அவ்வெற்றிடத்திலே மலையகத்து மக்கள் பல்லாண்டு வாழ்ந்தனர். ஒருவர் ஒரே வேளையில் இலங்கைப் பிரசையாகவும் இந்தியப் பிரசையாகவும் இருக்க அக்காலச் சட்டங்கள் இடந்தரவில்லை. ஆதலின் ‘இலங்கையர் அல்லரேல் இந்தியரே’ என்னும் முடிவு பலர்க்கு இயல்பாகத் தோன்றிற்று. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் முன்னோர் இங்கே பிறந்தமைக்குச் சான்று கேட்டது. தோட்டத்து லயங்களில் பிறந்தவர் பலரிடம் அத்தகைய பதிவு ஏது? இந்தியாவும் அவர்களைத் தானாகவே தன் பிரசைகளாகக் கொள்ளவில்லை.

1964 ஒக்டோபர் 30-இல் ஸ்ரீமாவோவும் சாஸ்திரியும் ஒப்பமிட்ட உடன்படிக்கை, இலங்கையராகவோ இந்தியராகவோ ஏற்கப்படாத இந்திய வம்சாவளியினரை 9,75,000 பேர் எனக் கணக்கிட்டது. கேகாலை, இரத்தினபுரித் தோட்டத்தாரும் அதில் அடங்குவர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு; 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தனர். 1974-இல் அவர்களையும் சரிபாதியாகப் பகிர்ந்தனர். ஆயினும் ஏட்டிலே பகிர்ந்த பின்னரும் எவ்வட்டத்துள்ளும் சேராதார் இருந்தனர். 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிலையாக வாழ்ந்தோர்க்கும் அவர்தம் வழியினர்க்கும் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003-இலேதான் வந்தது.