முப்பது இலைச் சாப்பாட்டுக்கு நான்கு சென்ட் கீரை

தென்னேரி ஏரியின் கீழ் உள்ள கழனிகளில் நெல்லுக்குக் குறைவில்லை. சம்பா, நவரை, தண்ணீர் நிற்கும் ஆண்டில் சொர்ணவாரி என்று மூன்று பட்டத்திலும் நெல்லே நடவாகிறது. திரையன் ஏரி என்ற பெயரே தென்னேரி என்று மருவியதாகக் கூறுவர். இத்தனை பழமையான ஏரிப் பாசனம் உள்ள பகுதியிலும், அறுத்த நெல்லை விற்றுவிட்டு, கத்தரிக்காயையும் கீரையையும் வாலாஜாபாத் கடையில் விலை கொடுத்து வாங்கும் விவசாயக் குடும்பங்கள் உண்டு. கொல்லையும் கிணறும் இருந்தும் காய்கறிக்குக் கைக்காசு செலவாகிறது.

இந்த நிலையை மாற்றச் சாப்பாட்டு இலையிலிருந்தே ஒரு வழி தொடங்குகிறது. ரசாயன உரமும் பூச்சிமருந்தும் இடாமல் விளைந்த தானியம், காய், கீரை ஆகியவற்றைச் சமைத்துப் பரிமாறும் சிறிய சைவ உணவகங்கள் தமிழ்நாட்டில் ஆங்காங்கே நடக்கின்றன. சாப்பிட வருவோர் பெரும்பாலும் நகரத்தார். அங்கே சமைக்கப்படும் பொருளோ சிறு விவசாயியின் கொல்லையிலேயே விளையக்கூடியது. ஆகவே இத்தகைய உணவகத்தில் ஒரு வேளைச் சாப்பாடு எப்படி உருவாகிறது, அதற்கு எவ்வளவு நிலம் தேவை என்பதை விவசாயிகள் அறிந்து வைத்திருப்பது நல்லது.

பண்ணைக்குள்ளே ஓர் உணவகம்

தென்னேரியிலிருந்து தெற்கே, சாலை வழியில் நூறு கிலோமீட்டருக்கு மேல் சென்றால் விழுப்புரம் மாவட்டத்து ஆரோவில் வருகிறது. 1968-ல் நிறுவப்பட்ட இந்நகரில் சாலிட்யூட் பண்ணை என்ற பண்ணை 1996-ல் தொடங்கப்பட்டது. பரப்பு சுமார் ஆறு ஏக்கர். இங்கிலாந்திலிருந்து வந்து, தமிழ் கற்று, இங்கேயே உழவராகிவிட்ட கிருஷ்ணா மெக்கன்ஸி இதை உருவாக்கினார். உழாமலும் ரசாயனம் இடாமலும் பயிர் செய்யும் முறையை உலகுக்கு எடுத்துக் கூறிய ஜப்பானிய உழவர் மசானபு ஃபுகுவோகாவின் (1913–2008) கருத்துகளே இப்பண்ணைக்கு அடிப்படை.

பண்ணைக்குள்ளேயே எளிய உணவகம் ஒன்று நடத்தப்படுகிறது. அன்றன்று பண்ணையில் என்ன பறிக்கக் கிடைக்கிறதோ அதை ஒட்டியே பகல் சாப்பாடு அமைகிறது. பச்சைப் பப்பாளி, வாழைத்தண்டு, வாழைப்பூ, பல வகைக் கீரைகள், சிறுதானியம் போன்றவை தட்டில் இடம் பெறுகின்றன. முட்டைக்கோசும் காலிஃப்ளவரும் இல்லையே என்று யாரும் வருந்துவதில்லை. விளைந்த இடத்துக்கும் சாப்பிடும் இடத்துக்கும் சில நூறு அடிதான் தூரம். வண்டிக் கூலி இல்லை, தரகு இல்லை, வாடி வீணாவதும் குறைவு.

பெரிய அளவிலும் இது நடக்கக்கூடியதே. அதே ஆரோவில்லில் 1997-ல் திறக்கப்பட்ட சோலார் கிச்சன் என்ற பொதுச் சமையற்கூடத்தில் 15 மீட்டர் குறுக்களவுள்ள சூரியக் கிண்ணம் நீராவி தயாரிக்க உதவுகிறது. நாளொன்றுக்குச் சுமார் ஆயிரம் சாப்பாடு சமைக்கக்கூடிய அந்தக் கூடம், சுற்றியுள்ள பண்ணைகளின் விளைபொருள்களை வாங்கிப் பயன்படுத்துகிறது. பண்ணைகளின் விளைச்சலைத் திரட்டி வழங்கத் தனி அமைப்பும் உண்டு.

தட்டில் விவசாயி காண வேண்டியவை

தென்னேரிப் பகுதி விவசாயி ஒருவர் அங்கே சென்று சாப்பிட உட்கார்ந்தால், தட்டில் உள்ளவற்றில் பாதி தம் வீட்டைச் சுற்றியே இருப்பதைக் காண்பார். கிணற்றடி வாழை, கொல்லைப் பப்பாளி, வாசல் முருங்கை, வேலியில் படர்ந்த பிரண்டை, தானே முளைத்த மணத்தக்காளி, ஈரத்தில் தழைத்த பொன்னாங்கண்ணி ஆகியவற்றை நாம் விலையற்றவை என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். இயற்கை உணவகத்தில் அவற்றுக்குத்தான் முதல் இடம்.

ஒன்றை மட்டும் மறக்கலாகாது. தானே முளைத்த கீரை எல்லாம் தூய்மையான கீரை அல்ல. களைக்கொல்லி தெளித்த வரப்பிலும், சாக்கடை கலக்கும் வாய்க்கால் ஓரத்திலும் பறித்த கீரையை உணவகத்துக்குக் கொடுக்கக் கூடாது. வீட்டிலும் சமைக்கக் கூடாது. நல்ல இடத்தில் ஒரு கொத்து எடுத்து நட்டால் பொன்னாங்கண்ணி சில வாரங்களில் பாத்தியை நிரப்பிவிடும்.

முப்பது சாப்பாட்டுக் கணக்கு

நாள் ஒன்றுக்கு முப்பது பேர் சாப்பிடும் சிறிய உணவகத்தை எடுத்துக்கொள்வோம். தலைக்குக் கீரை 100 கிராம், மற்றக் காய்கள் 200 கிராம், அரிசி 125 கிராம் என்று வைத்தால், நாளொன்றுக்குக் கீரை 3 கிலோ, காய் 6 கிலோ, அரிசி 3¾ கிலோ வேண்டும்.

கீரை: வாரத்துக்கு 21 கிலோ தேவை. நன்கு பராமரித்த முளைக்கீரை சென்ட்டுக்கு 40 கிலோவுக்குக் குறையாமல் தரும். இயற்கை முறைக்கு மாறும் புதிதில் அதில் பாதிதான் கிடைக்கும் என்றே வைத்துக்கொள்ளலாம். அப்படியானாலும் வாரம் ஒரு சென்ட் அறுவடைக்கு வந்தால் போதும். எனவே நான்கு சென்ட்டை நான்கு பாத்தியாகப் பிரித்து, வாரத்துக்கு ஒரு பாத்தி வீதம் விதைக்க வேண்டும். முதல் பாத்தி 22-ம் நாளிலிருந்து 28-ம் நாளுக்குள் பிடுங்கி முடியும். உடனே அதை மறுபடி விதைக்கலாம். சென்ட்டுக்கு 10 கிராம் விதையை மணலுடன் கலந்து தூவினால் விதை சீராக விழும். நான்கு சென்ட்டையும் ஒரே நாளில் விதைப்பவருக்கு ஒரு வாரம் கீரை மிஞ்சும். மூன்று வாரம் உணவகத்தார் வேறு ஆளைத் தேடுவார். ஒரே கீரையைத் திரும்பத் திரும்ப விதைக்காமல் சிறுகீரை, தண்டுக்கீரை, புளிச்சக்கீரை என்று மாற்றி வந்தால் நோயும் குறையும்; சாப்பிடுவோருக்கும் அலுக்காது.

காய்: வாரத்துக்கு 42 கிலோ. கத்தரி, வெண்டை, கொத்தவரை, அவரை, பாகல், சுரை என்று கலந்து 20 சென்ட்டில் பயிரிட்டால் இதை ஈடு செய்யலாம். எல்லாவற்றிலும் கொஞ்சம், எந்நாளும் கொஞ்சம் என்பதே இங்கு விதி.

அரிசி: ஆண்டில் 300 நாள் உணவகம் நடந்தால் சுமார் 1,125 கிலோ. இதற்கு நெல் ஏறத்தாழ 1,800 கிலோ. பாரம்பரிய ரகங்கள் ஏக்கருக்கு 1,000 கிலோ என்று குறைத்தே மதிப்பிட்டாலும் இரண்டு ஏக்கர் போதுமானது. சீரகச் சம்பா, கிச்சிலிச் சம்பா, மாப்பிள்ளைச் சம்பா போன்றவற்றை இதற்குத் தேர்ந்தெடுக்கலாம். இவை உயரமாக வளர்பவை. தழைச்சத்து மிகுந்தால் சாய்ந்துவிடும். மாப்பிள்ளைச் சம்பா ஐந்து மாதத்துக்கு மேல் வயலில் நிற்கும். தை மாதம் வரை ஏரித் தண்ணீருக்கு உறுதி இல்லாத கடைமடைக் கழனியில் அதை நடுவது தகாது.

உரமும் பூச்சியும்

நெல் கழனிக்கு ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தறுவாயில், அதாவது சுமார் 45 நாளில், மடக்கி உழ வேண்டும். கோடையில் ஏரி வற்றும்போது வட்டாட்சியரிடம் முறைப்படி அனுமதி பெற்று வண்டல் எடுத்து இடலாம். மணற்பாங்கான கழனிக்கு வண்டல் கைகண்ட மருந்து.

கீரைப் பாத்திக்கு நன்கு மக்கிய தொழு உரமே ஏற்றது. பச்சைச் சாணத்தை இடக் கூடாது. அதிலுள்ள நோய்க் கிருமிகள் இலையில் ஒட்டி வந்து சாப்பிடுபவருக்கு வயிற்றுக் கோளாறு உண்டாக்கும். பஞ்சகவ்யம் தெளிப்போர் 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி என்ற அளவில், பயிர் இளம் பருவத்தில் இருக்கும்போதே தெளித்து முடித்துவிட வேண்டும். பறிக்கும் நாள் நெருங்கியபின் தெளிக்கலாகாது. இயற்கையில் விளைந்தது என்பதால் கழுவாமல் சமைக்கலாம் என்பதும் இல்லை.

கீரையில் இலைகளைப் பிணைத்துத் தின்னும் புழு தோன்றினால், அரைக்கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, துணியில் முடிந்து தண்ணீரில் இரவு முழுவதும் ஊற வைத்துப் பிழிந்து வடிகட்ட வேண்டும். அதை 10 லிட்டராக்கி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலை வேளையில் தெளிக்கலாம். புழு அதிகமாகிவிட்ட பாத்தியைப் பிடுங்கி எருக்குழியில் போட்டுவிட்டு மறுபடி விதைப்பதே மேல். 25 நாள் பயிர்தானே!

மேல் கழனித் தண்ணீர்

தென்னேரி போன்ற ஏரிப் பாசனத்தில் கவனிக்க வேண்டிய முக்கியமான விஷயம் தண்ணீர். மதகிலிருந்து வரும் தண்ணீர் பெரும்பாலும் கழனி விட்டுக் கழனி பாய்கிறது. மேல் கழனிக்காரர் யூரியா இட்டுப் பூச்சிமருந்து தெளித்த மறுநாள், அந்தத் தண்ணீரே கீழ்க் கழனிக்கு இறங்குகிறது. கீழ்க் கழனிக்காரர் எவ்வளவு ஒழுங்காக இயற்கை முறையைக் கைக்கொண்டாலும் பயன் குறையும். தனி ஒருவர் நினைத்து இதைச் சரி செய்ய முடியாது.

இதற்கு வழிகள் மூன்று. காய்கறியையும் கீரையையும் கிணற்றுத் தண்ணீர் பாயும் கொல்லையில் மட்டும் வைத்துக்கொள்ளலாம். கழனியில் செய்வதானால் தனி வாய்க்கால் பிரித்து, வரப்பை உயர்த்தி, ஓரத்தில் அகத்தி, துவரை போன்றவற்றைத் தடுப்பாக நடலாம். இவை எல்லாவற்றையும் விடச் சிறந்தது, ஒரே மடையில் பாயும் கழனிக்காரர்கள் கூடிப் பேசி எல்லோரும் ஒரு சேர மாறுவது. தண்ணீரைப் பங்கு போட்டுக்கொள்ளப் பழகிய ஊருக்கு இது புதிய காரியம் அல்ல.

இப்படிக் கூடுவோருக்கு மற்றொரு நன்மையும் உண்டு. மத்திய அரசின் பங்கேற்பு உத்தரவாத முறையில் விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் பார்வையிட்டுச் சான்று பெறலாம். தனியாகச் சான்று பெற விரும்புவோருக்கு, 2007-ல் கோவையில் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறை உள்ளது. இதில் ஓராண்டு, ஈராண்டுப் பயிர்களுக்கு விதைப்புக்கு முன் இரண்டு ஆண்டும், பல்லாண்டுப் பயிர்களுக்கு அறுவடைக்கு முன் மூன்று ஆண்டும் பொதுவாக மாற்றக் காலமாகக் கொள்ளப்படும். அக்காலத்தில் விளைந்ததை முழு இயற்கை விளைபொருள் என்று கூறி விற்கக் கூடாது. மாறி வரும் நிலத்தில் விளைந்தது என்று உள்ளதைச் சொல்லி விற்பதில் இழிவில்லை. ஒருமுறை மறைத்து மருந்தடித்தது தெரிந்தால், உணவகமும் கெடும். குழுவிலுள்ள அத்தனை பேரின் பெயரும் கெடும்.

நிதானமாக இறங்குவது நல்லது

மேலே கண்ட கணக்கிலிருந்து மற்றொன்றும் விளங்கும். முப்பது சாப்பாட்டு உணவகம் ஒன்று இரண்டே கால் ஏக்கரின் விளைச்சலைத்தான் வாங்கும். இரண்டு மூன்று குடும்பங்களுக்கு அது உதவும்; ஊர் முழுவதற்கும் உதவாது. ஆகவே யாரோ நல்ல விலை தருவதாகச் சொன்னார் என்று இருக்கும் கழனி முழுவதையும் ஒரே பட்டத்தில் மாற்றிவிடுவது ஆபத்து. முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் மகசூல் குறையக்கூடும். கொல்லையில் நான்கு சென்ட் கீரையுடன் தொடங்கி, கை பழகியபின் காய்க்கும், பிறகு நெல்லுக்கும் விரிப்பதே முறை.

வாங்குபவருடன் விலை, அளவு, பணம் தரும் நாள் மூன்றையும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே உணவகத்தை நம்பாமல், காஞ்சிபுரம், வாலாஜாபாத் கடைகளிலும், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத் தொழிலாளர் குடியிருப்புகளிலும் வாடிக்கை பிடிக்கலாம். மகளிர் குழுவினர் சேர்ந்து தாங்களே பத்துப் பதினைந்து பேருக்குச் சமைத்துப் போடவும் முன்வரலாம். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொண்டு தொடங்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, கொல்லையில் விளைந்த முதல் கட்டுக் கீரை சொந்த வீட்டு அடுப்புக்குப் போகட்டும். வாங்க ஆள் வந்தாலும் வராவிட்டாலும் அந்தக் கீரையால் நட்டம் கிடையாது. காய்கறிக் கடைக்குப் போகும் காசு வீட்டில் தங்கும். பிள்ளைகள் தினமும் கீரை சாப்பிடுவார்கள். தென்னேரிப் பகுதி விவசாயிகள் வருகிற மழைக்காலத்தை அடுத்து, தை பிறந்ததும் முதல் பாத்தியை விதைத்துப் பார்க்கலாம்.