கயிற்றைப் பிடித்து வருகிறவர்கள்



பல ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றிய ஒரு பங்கில், மாதத்தின் முதல் வெள்ளியன்று முதியோர் இல்லத்துக்கு நற்கருணை கொண்டுபோவது வழக்கம். அங்கே ஒரு பாட்டி இருந்தார். வீட்டை விற்றுவிட்டு, அவரை அங்கே சேர்த்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் நன்மை வாங்கி, சற்று நேரம் கண்மூடி இருந்துவிட்டு, "சாமி, எங்க மணி சாப்பிட்டானா?" என்று கேட்பார். பேரப்பிள்ளையைக் கேட்கிறார் என்றே முதலில் நினைத்தோம். மணி, அவர் பதினோரு ஆண்டுகள் வளர்த்த நாய் என்று பிறகுதான் தெரிந்தது. "அதையெல்லாம் ஆண்டவர் கையில விட்டுருங்கம்மா, செபமாலை சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவோம். நாலைந்து மாதங்களில் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். பிறகு, பேசுவதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டார். வயதாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டோம்.

அது வயது மட்டும்தானா? இதே கேள்வியை இங்கிலாந்தில் ஒரு பெண்மணி கேட்டார். அவர் பெயர் லெஸ்லி ஸ்காட் ஆர்டிஷ். முதியவர்கள் காப்பகத்தில் சேரும்போது, தாங்கள் வளர்த்த நாயையும் பூனையையும் விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது. அந்தப் பிரிவில் அவர்கள் உள்ளுக்குள் ஒடுங்கிப்போவதை அவர் கவனித்தார். அவரவர் நாயைத் திருப்பிக் கொடுக்க அவரால் இயலாது. ஆனால், அமைதியான குணமுள்ள நாயை வளர்க்கிறவர்கள் ஊரெங்கும் இருக்கிறார்களே, வாரத்தில் ஒரு மணி நேரம் அவர்கள் தங்கள் நாயோடு அங்கே போய்வரலாமே என்று நினைத்தார். இப்படித்தான் 1983-ஆம் ஆண்டில் 'பெட்ஸ் ஆஸ் தெரபி' என்ற தொண்டு அமைப்பு தொடங்கியது.

இந்த எண்ணம் அவருக்கு முன்பே சிலருக்குத் தோன்றியதுதான். நீண்டநாள் படுக்கையில் இருக்கும் நோயாளிக்கு ஒரு சிறிய வளர்ப்புப் பிராணி நல்ல துணை என்று, 1859-இல் வெளியான தமது நூலிலேயே ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் குறிப்பிட்டிருக்கிறார். அமெரிக்காவில் போரிஸ் லெவின்சன் என்ற குழந்தை உளவியலாளர், யாரோடும் ஒட்டாத ஒரு சிறுவன் தம் அறையில் இருந்த ஜிங்கிள்ஸ் என்ற நாயிடம் தானாகவே நெருங்கியதைக் கண்டார். 1960-களின் தொடக்கத்தில் அதைச் சக அறிஞர்களிடம் எடுத்துச் சொன்னபோது, சிலர் அதைக் கேலியாகவே எடுத்துக்கொண்டார்கள். அதே நாட்டைச் சேர்ந்த எலெய்ன் ஸ்மித் ஒரு செவிலியர். அவர் இங்கிலாந்தில் வேலை செய்தபோது, மருத்துவமனையின் ஆன்மகுரு ஒருவர் தம் கோல்டன் ரெட்ரீவர் நாயோடு வார்டுக்குள் வருவார். அன்றெல்லாம் நோயாளிகளின் முகம் மாறுவதை ஸ்மித் பார்த்திருக்கிறார். ஊர் திரும்பிய அவர், 1976-இல் தெரபி நாய்களுக்கான ஓர் அமைப்பைத் தொடங்கினார். ஆன்மகுரு ஒருவர் தம் நாயையும் உடன் அழைத்துப்போனார் என்பது, கட்டிலுக்குக் கட்டில் விரைந்து நடந்த நமக்கு ஒரு சிறு பாடம்.

அன்புக்குரியவர்களே, இந்தப் பணியை இரண்டு வகையாகப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். முதல் வகை, சிகிச்சை. பக்கவாதத்தில் கை விழுந்துபோன ஒருவருக்குப் பயிற்சி தருகிறவர், "இந்த நாயின் முடியைச் சீவிவிடுங்கள்" என்கிறார். பொம்மைப் பந்தை நூறு முறை தூக்கச் சொன்னால் சலித்துக்கொள்ளும் கை, நாய்க்காக மெல்ல உயர்கிறது. இங்கே குறிக்கோள் உண்டு, கணக்கு உண்டு, பயிற்சி பெற்ற நிபுணர் உடனிருக்கிறார். இரண்டாவது வகை, சந்திப்பு. எந்தக் குறிக்கோளும் இல்லாமல், நாயும் அதை வளர்க்கிறவரும் வந்து சற்று நேரம் அருகில் இருக்கிறார்கள். நாய் மட்டுமல்ல, பூனை, முயல், கினிப்பன்றி, குதிரை ஆகியவையும் இப்பணியில் உண்டு.

நாய் செல்லமாக இருந்தால் போதும், கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் 1977-இல் தொடங்கி, இன்று 'பெட் பார்ட்னர்ஸ்' என்று அழைக்கப்படும் அமைப்பின் முறைகளைப் பாருங்கள். நாய்க்கு ஒரு வயதாவது நிறைந்திருக்க வேண்டும். தடுப்பூசிகள் போட்டிருக்க வேண்டும். பச்சை இறைச்சி கொடுத்து வளர்க்கும் நாய் கூடாது. பிறகு தேர்வு. தெரியாதவர் வந்து முரட்டுத்தனமாகத் தடவுவார். ஒருவர் இறுகக் கட்டிப்பிடிப்பார். பின்னாலிருந்து ஒருவர் இடித்துவிட்டுப் போவார். அருகில் சிலர் கோபமாகச் சத்தம் போடுவார்கள். இத்தனைக்கும் நாய் அமைதியாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

ஆனால் அந்தத் தேர்வில் மதிப்பெண் நாய்க்கு மட்டும் அல்ல. கயிற்றைப் பிடித்திருப்பவருக்கும் உண்டு. நாய் பதறும்போது இவர் எப்படி நடந்துகொள்கிறார்? அதட்டுகிறாரா, தட்டிக்கொடுக்கிறாரா? தன் நாயைக் காட்டிப் பெருமைப்படுவதில் இருக்கிறாரா, அல்லது எதிரே இருப்பவரைக் கவனிக்கிறாரா? இருவரும் சேர்ந்துதான் தேர்ச்சி பெற வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பவும் தேர்வு உண்டு.

போகிற நாளுக்கு முந்தைய இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நாயைக் குளிப்பாட்டியிருக்க வேண்டும். நகம் வெட்டி, முடி சீவி, குறித்த நேரத்துக்கு அங்கே இருக்க வேண்டும். சம்பளம் கிடையாது. வார்டு வாசலில் நின்று, "நாங்கள் உள்ளே வரலாமா?" என்று அனுமதி கேட்க வேண்டும். நாய் என்றாலே பயப்படுகிறவர்கள் உண்டு, ஒவ்வாமை உள்ளவர்கள் உண்டு. வேண்டாம் என்று ஒருவர் தலையசைத்தால், முகம் கோணாமல் அடுத்தவரிடம் போக வேண்டும். தொடுவதற்கு முன்னும் பின்னும் நோயாளி கைகளைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். நோய் எதிர்ப்பாற்றல் மிகவும் குறைந்தவர்களிடம் மருத்துவரின் சம்மதம் இல்லாமல் போகக்கூடாது. உள்ளே இருக்கும் நேரம் முழுவதும் கயிற்றைக் கைவிடக்கூடாது.

பிறகு என்ன நடக்கிறது? நோயாளி நாயோடு பேசுகிறார். அதன் வயதைக் கேட்கிறார். தான் சிறுவயதில் வளர்த்த நாயைப் பற்றிச் சொல்கிறார். மனைவி இறந்ததைச் சொல்கிறார். மகன் வராததைச் சொல்கிறார். எல்லாவற்றையும் நாயைப் பார்த்தே சொல்கிறார். கயிற்றைப் பிடித்திருப்பவர் குறுக்கே பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். அங்கே கேட்டதை வெளியே போய்ச் சொல்வதில்லை. அனுமதியில்லாமல் படம் எடுப்பதில்லை. அடுத்த வாரம் போகும்போது நோயாளிக்கு நாயின் பெயர் நினைவில் இருக்கும். இவர் பெயர் நினைவில் இருக்காது. அதைப் பற்றி இவர் வருத்தப்படுவதும் இல்லை.

இவருடைய கண்ணுக்கு இன்னொரு வேலையும் உண்டு. நாய் கொட்டாவி விடுகிறது, உதட்டை நக்கிக்கொள்கிறது, முகத்தைத் திருப்பிக்கொள்கிறது என்றால், தூக்கம் என்றோ பசி என்றோ நாம் நினைப்போம். அது பதற்றத்தின் அடையாளமாகவும் இருக்கலாம் என்று இவருக்குத் தெரியும். உடனே எழுந்து விடைபெறுகிறார். எப்படியானாலும், ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்குமேல் அந்த உயிரிடம் வேலை வாங்கக்கூடாது. நாய்க்கு வயதாகி, இனி இதில் மகிழ்ச்சியில்லை என்று தெரிந்தால், பணியை நிறுத்திவிட வேண்டும். பிறரைத் தேற்றுவதற்காக, பேச முடியாத ஓர் உயிரை வதைக்கக்கூடாது. உதவி செய்வதில் இருக்கும் இந்த நேர்மையை நாம் கவனிக்க வேண்டும்.

இதனால் நோய் குணமாகிவிடுமா? இல்லை. அப்படி யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மருந்து மருந்துதான். ஆனால் பயன் இல்லாமலும் இல்லை. அமெரிக்காவில் இதய நோயால் மருத்துவமனையில் இருந்த 76 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது, 2007-இல் வெளியானது. சிலரிடம் நாயோடு ஒருவர் 12 நிமிடம் வந்தார். சிலரிடம் மனிதர் மட்டும் வந்தார். மற்றவர்களிடம் யாரும் வரவில்லை. நாயோடு வந்தவர் சந்தித்த நோயாளிகளிடம் பதற்றம் அதிகமாகக் குறைந்திருந்தது. பன்னிரண்டு நிமிடம், சகோதரமே! பேருந்துக்காக அதைவிட அதிக நேரம் காத்திருக்கிறோம்.

இந்தப் பணி மேல்நாட்டோடு நின்றுவிடவில்லை. 1991-இல் ஹாங்காங்கில் ஜில் ராபின்சன் என்பவர், மேக்ஸ் என்ற தம் நாயோடு மருத்துவமனைக்குச் சென்று 'டாக்டர் டாக்' என்ற பணியைத் தொடங்கினார். அது ஆசிய நாடுகள் சிலவற்றுக்குப் பரவி, சென்னை புளூ கிராஸ் வழியாக நம் மண்ணுக்கும் வந்தது.

விவிலியத்தில், தோபித்து நூலில் ஒரு நாய் வருகிறது. இளைஞர் தோபியா நெடும்பயணம் புறப்படுகிறார். உடன் ஒரு வழித்துணை. பின்னால் நாய். அந்த நாய் அற்புதம் எதுவும் செய்வதில்லை. உடன் போகிறது, உடன் திரும்பி வருகிறது, அவ்வளவுதான். வழித்துணையாக வந்தவரோ வானதூதர் இரபேல். 'கடவுள் குணமாக்குகிறார்' என்பது அப்பெயரின் பொருள். தந்தையின் பார்வை திரும்பி, எல்லாம் நல்லபடியாக முடியும்வரை, தாம் யார் என்று அவர் சொல்லவே இல்லை. சொன்ன பிறகும், நன்றியைக் கடவுளுக்குச் செலுத்தச் சொல்லிவிட்டு மறைந்துபோகிறார். கயிற்றைப் பிடித்து வார்டுக்குள் போகிறவர்களைப் பற்றி வாசித்தபோது, நமக்கு இரபேலின் நினைவுதான் வந்தது. நலம் தருவது தாம் அல்ல என்று தெரிந்தும், தவறாமல் வருகிறவர்கள் அவர்கள்.

நம் பங்கில் நாளையே இப்படி ஒரு பணியைத் தொடங்குவோம் என்று சொல்ல வரவில்லை. அதற்குப் பயிற்சி வேண்டும், கால்நடை மருத்துவர் வேண்டும். நாய்க்கடிக்கும் வெறிநோய்க்கும் அஞ்சுகிற ஊரில் கூடுதல் கவனம் வேண்டும். ஆனால் இரண்டு காரியங்களை இன்றே செய்யலாம். வீட்டில் உள்ள பெரியவரை வேறிடத்தில் சேர்க்க வேண்டிய நிலை வந்தால், துணிமணியையும் மருந்துச் சீட்டையும் எடுத்து வைப்பதோடு நிறுத்தாமல், "அம்மா, எதை விட்டுட்டு வர்றது உங்களுக்குக் கஷ்டமா இருக்கு?" என்று கேளுங்கள். அது நாயோ, கோழியோ, கிளியோ என்றால், அதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று அவரிடம் சொல்லுங்கள். இல்லத்தில் அனுமதித்தால், ஞாயிறு மாலை வாசல்வரை கூட்டிப்போய்க் காட்டுங்கள். இரண்டாவது, நோயாளியைப் பார்க்கப் போகும்போது அறிவுரையை வாசலிலேயே விட்டுவிட்டு, சற்று நேரம் பேசாமல் அருகில் உட்காருங்கள்.

"எங்க மணி சாப்பிட்டானா?" என்ற கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ள, அன்று நமக்குப் பத்து நிமிட நடை போதுமானதாக இருந்தது. அவருடைய பழைய வீடு அடுத்த தெருவில்தான் இருந்தது. நாம் போய்ப் பார்க்கவில்லை. நீங்களாவது போய்ப் பாருங்கள்.

இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.